பூண்டு மூட்டை சுமக்கக் குதிரை: முதலில் முதுகையும் குளம்பையும் பாருங்கள்

கேள்வி: மன்னவனூர் பக்கம் ஒன்றரை ஏக்கரில் பூண்டும் கேரட்டும் போடுகிறேன். தோட்டத்திலிருந்து வண்டி நிற்கும் ரோட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை, பெரும்பாலும் இறக்கம். தலைச்சுமைக்கு ஆள் கிடைப்பதில்லை. கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரி ஓட்டிய செவலை ஆண் குதிரை ஒன்று விலைக்கு வருகிறது. வயது ஆறு, விலை 55,000 ரூபாய், நடைக்கு 80 கிலோ சுமக்கும் என்கிறார்கள். நெற்றியில் இரட்டைச் சுழி இருப்பதால் அம்மா வேண்டாம் என்கிறார். எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: சவாரி வேலை வேறு, சுமை வேலை வேறு. தார்ரோட்டில் ஆளை ஏற்றிக்கொண்டு மெதுவாக நடந்து பழகிய குதிரை, ஈரமண்ணும் கல்லுமான இறக்கத்தில் இரண்டு விலாவிலும் மூட்டை இடிக்க இடிக்க நடக்குமா என்பதைத்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். வாங்கப் போகிறவர்கள் முதலில் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார்கள். நீங்கள் முதுகில் தொடங்குங்கள்.

சேணத்தை முழுவதும் கழற்றச் சொல்லுங்கள். பிடரி முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு இருக்கும். அங்கிருந்து இடுப்பு வரை, முதுகெலும்பின் இரு பக்கமும் நான்கு விரலைத் தட்டையாக வைத்து அழுத்திக்கொண்டே போங்கள். வலி இல்லாத குதிரை ஒருமுறை காதைத் திருப்பிவிட்டுச் சும்மா நிற்கும். வலி இருந்தால் முதுகைக் கீழே அமிழ்த்தும், தோல் துடிக்கும், வாலை வீசும், கடிக்கத் திரும்பும். பிறகு மயிரை எதிர்ப்பக்கமாகத் தடவிப் பாருங்கள். செவலைக் குதிரையின் முதுகில் சேணம் உட்காரும் இடத்தில் திட்டாக வெள்ளை மயிர் இருந்தால், அது பெரும்பாலும் பழைய சேணப்புண் ஆறிய தடம். தோல் எலும்போடு ஒட்டாமல் விரலுக்கு நகர்ந்தால் அதை ஒரு குறையாக எடுக்க வேண்டாம். ஆனால் அந்த மேட்டில் வீக்கம், சூடு, சீழ் கசியும் துளை இவற்றில் எது இருந்தாலும் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். அந்தப் புண் உள்ளே எலும்பு வரை போகும், மாதக்கணக்கில் இழுக்கும். மூட்டையோடு இறங்கும்போது சேணம் முன்னால் சரிந்து அதே மேட்டைத்தான் அழுத்தும். புண்பட்ட முதுகில் சுமை ஏற்றுவது அந்த வாயில்லா ஜீவனுக்குச் செய்யும் கொடுமை. சட்டப்படியும் குற்றம்.

அடுத்தது கால். நான்கு குளம்பையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். தூக்க விடாத குதிரைக்கு மலையில் லாடம் அடிப்பது பெரும்பாடு. குளம்பின் அடியில் மண்ணைச் சுரண்டிவிட்டு முகர்ந்து பாருங்கள். அழுகல் நாற்றமும் கறுப்புக் கசிவும் இருந்தால் ஈரத்தில் நின்று நின்று அடிப்பகுதி அழுகத் தொடங்கியிருக்கிறது. அது ஆரம்பத்தில் சரிசெய்யக்கூடியது. குளம்பின் வெளிச்சுவரில் உள்ள வளையங்கள்தான் முக்கியம். முன்னும் பின்னும் ஒரே இடைவெளியில் இருந்தால் தீவன மாற்றத்தால் வந்தவையாக இருக்கலாம். முன்பக்கம் நெருங்கியும் குதிகால் பக்கம் அகன்றும் போனால் குளம்பு அழற்சி வந்துபோன குதிரை. முன்னங்கால்களை முன்னே நீட்டி, உடல் பாரத்தைப் பின்னால் சாய்த்து நின்றால் அந்த நோய் இப்போதே இருக்கிறது. இறக்கத்தில் பாரமெல்லாம் முன்னங்காலுக்குத்தான் போகும், ஆகவே உங்கள் பாதைக்கு அது ஆகாது.

நொண்டலைக் கண்டுபிடிக்க, கெட்டியான தரையில் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் எதிரே நின்று தலையை மட்டும் கவனியுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். கயிற்றை இறுகப் பிடித்து ஓட்டினால் இந்த அசைவு தெரியாது. பின்னால் நின்று பார்த்தால் இடுப்பின் இரு பக்கமும் ஒரே அளவில் ஏறி இறங்க வேண்டும். சின்ன வட்டமாக இரு பக்கமும் சுற்றச் சொல்லுங்கள், பிறகு சரிவில் இறக்குங்கள்.

இதையெல்லாம் ஒரே நாளில் முடித்துப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். வலி ஊசி போட்டால் நொண்டல் ஓரிரு நாள் தெரியாது, மயக்க மருந்து கொடுத்தால் முரட்டுக் குதிரையும் சாதுவாக நிற்கும். விற்கிற எல்லோரும் அப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வாரம் கழித்து, சொல்லாமல், காலையில் லாயத்திலிருந்து இறக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். முதல் பத்து அடியிலேயே உண்மை தெரிந்துவிடும்.

வயதுக்கு வருவோம். குதிரையின் பால் பல் நடுவில் இரண்டரை வயதிலும், அடுத்த ஜோடி மூன்றரையிலும், ஓரத்து ஜோடி நாலரையிலும் விழுந்து நிரந்தரப் பல் வரும். ஐந்து வயதில் முன்பல் வரிசை முழுமை. கீழ்ப்பற்களின் மேற்பரப்பில் உள்ள கருங்குழி நடு ஜோடியில் ஆறு வயதிலும், அடுத்ததில் ஏழிலும், ஓரத்தில் எட்டிலும் ஏறக்குறைய மறையும். ஆறு வயது என்றால் ஓரப்பல்லில் குழி தெளிவாக இருக்க வேண்டும். மேல் ஓரப்பல்லில் ஈறிலிருந்து நீளவாக்கில் ஒரு பள்ளக்கோடு தொடங்கியிருந்தால் குதிரை பத்து வயதை ஒட்டியது, கோடு பல்லின் பாதி வரை வந்தால் பதினைந்து. பத்து வயதுக் குதிரை வேலைக்கு நன்றாகவே உதவும். விலைதான் வேறாக இருக்க வேண்டும்.

80 கிலோ பேச்சை ஏற்காதீர்கள். பாரம் சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகளில் மட்டக்குதிரைக்கு, அதாவது உயரம் குறைந்த குதிரைக்கு, உச்ச வரம்பே 70 கிலோ. மலைப்பாதையில் அதுவும் அதிகம். டேப் எடுத்துப் போங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை நீளம், இரண்டையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை. சுற்றளவு 145, நீளம் 130 என்றால் சுமார் 230 கிலோ. எடையில் ஐந்தில் ஒரு பங்கு, சேணத்தையும் சேர்த்து 46 கிலோ, நெடுநாள் தாங்கும் சுமை. மூட்டையை இரு பக்கமும் சமமாகப் பிரித்து, வாலுக்கு அடியில் பட்டை கொடுத்துக் கட்டுங்கள். ஒரு நடைக்குப் பதில் இரண்டு நடை ஆகும். நடைக்கூலியைக் கணக்குப் போடும்போது இந்த எடையை வைத்தே போடுங்கள்.

கடைசிச் சோதனையை உங்கள் பாதையிலேயே வையுங்கள். முதலில் வெறும் சாக்கு, பிறகு 20 கிலோ, பிறகு முழுச் சுமை. சலசலக்கும் சாக்குக்கு மிரள்கிறதா, ஓடையில் கால் வைக்கிறதா, காட்டுமாடு நின்ற வாடைக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 நாடித்துடிப்பும் 8 முதல் 16 மூச்சும் இயல்பு. ஏறி வந்து கால் மணி நேரத்தில் அதை ஒட்டி இறங்காவிட்டால், அல்லது மூச்சு விடும்போது வயிறு இரண்டாம் முறை எக்கினால், நுரையீரலைச் சந்தேகப்படுங்கள்.

ஒரு மூக்கில் மட்டும் பிசுபிசுப்பான மஞ்சள் சளி, உள்ளே புண், காலில் வரிசையாக முடிச்சு தெரிந்தால் தொடாமல் விலகுங்கள். கிளாண்டர்ஸ் நோயாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். வெளியே ஆரோக்கியமாகத் தெரிந்தாலும் அரசு கால்நடை மருத்துவர் மூலம் ரத்த மாதிரி அனுப்பி, நோய் இல்லை என்ற அறிக்கையைப் பார்த்த பிறகே பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.

அம்மாவின் மனத்தை நான் மதிக்கிறேன். அந்தியூர் குருநாதசாமி ஆடித் திருவிழாச் சந்தையிலும் சுழி பார்த்துப் பேரம் பேசுகிறவர்கள் உண்டு. சுழி என்பது மயிர் வளரும் திசைதான், நடைக்கும் நோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் நாளை நீங்கள் விற்கும்போது அதே சுழியைக் காட்டி விலை குறைப்பார்கள். அதனால் இப்போது நீங்களும் அதைச் சொல்லிக் குறைத்துக் கேட்கலாம். வீட்டில் தினமும் தண்ணீர் காட்டப் போவது அம்மாவாக இருந்தால், அவரையும் அழைத்துப்போய்க் குதிரையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

காயடித்ததா என்றும் கேளுங்கள். காயடிக்காத குதிரை பக்கத்துத் தோட்டத்துப் பெண் குதிரையைக் கண்டால் மூட்டையோடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். வாங்கினால் மூன்று வாரம் மற்றக் குதிரைகளோடு சேர்க்காமல் தனியாகக் கட்டுங்கள், முதல் வாரமே ரண ஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி போடுங்கள், பழைய தீவனத்தையே கொஞ்சம் வாங்கி வந்து பத்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள்.