மாவட்டப் பொறுப்பு கைமாறும்போது

கடிதம்:

வணக்கம் ஐயா. நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எங்கள் மாவட்டத்தில் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டைப் பல வருடமாக நடத்திவந்த ஒருங்கிணைப்பாளர் உடல்நிலை காரணமாக விலகிவிட்டார். பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அவர் கூப்பிட்டால் எல்லாப் பள்ளியும் வரும். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கையில் ஒரு பழைய கோப்பும் வாட்ஸ்அப் குழுவும்தான் இருக்கின்றன. எங்கே தொடங்குவது? (பெயர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

அவருடைய பழக்கம் ஒரே வருடத்தில் உங்களுக்கு வந்துவிடாது, அதைப் பற்றிக் கவலையும் வேண்டாம். பிள்ளைகள் தாங்களே ஆய்வு செய்து நடுவர்கள் முன் விளக்கி, மாவட்டம், மாநிலம், தேசம் என்று மேலே போகும் இந்த மாநாடு 1993 முதல் நடந்துவருகிறது. ஆள் மாறிய வருடம் பெயர் கெடுவதென்றால் பெரும்பாலும் மதிப்பீட்டில்தான் கெடும். உங்கள் தெம்பில் பாதியை அதற்கு ஒதுக்குங்கள்.

அதற்கு முன்னால், இந்த வாரமே அவரைப் போய்ப் பாருங்கள். மாநாட்டுக்கான மின்னஞ்சல் எந்த எண்ணுக்கு ஓடிபி அனுப்புகிறது என்று கேளுங்கள். கடைசி நாள் இரவு அவர் போன் அணைந்திருந்தால் உங்களால் உள்ளே நுழைய முடியாது. வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்றக் குழுவின் தீர்மான நகல் கேட்பார்கள், அது இழுக்கும். போன வருடத்துப் பயனீட்டுச் சான்று, அதாவது வந்த பணம் எப்படிச் செலவானது என்ற கணக்குச் சான்று, போகாமல் இருந்தால் அவர் கையெழுத்திலேயே போகட்டும். நீங்கள் செய்யாத செலவுக்கு நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள்.

கோப்பில் உள்ள வழிகாட்டி ஆசிரியர் பட்டியலை நம்ப வேண்டாம். மாறுதல் கலந்தாய்வு முடிந்ததும் ஒவ்வொரு எண்ணையும் கூப்பிட்டுப் பாருங்கள், பலர் வேறு ஊரில் இருப்பார்கள். வழிகாட்டி ஆசிரியர்களுக்கான பயிற்சி நாளில், ஆய்வுகளுக்கென்று மாநாடு அறிவித்த மையக் கருப்பொருளை விளக்குவதோடு நிறுத்தாமல், மூன்று மாதத்தில் இரண்டு பிள்ளைகள் அளந்து முடிக்கக்கூடிய கேள்வியாக அதை மாற்றக் கற்றுக்கொடுங்கள். 'நீர் மாசு' என்பது கட்டுரைத் தலைப்பு. 'எங்கள் குளத்தின் மூன்று படித்துறைகளில் வாரம் ஒருமுறை அளந்தால் நீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது' என்பதுதான் ஆய்வு.

பதிவின்போதே பிறந்த தேதியைச் சரிபாருங்கள். 10 முதல் 17 வயது வரை என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தத் தேதியில் கணக்கிடுவது என்பதில்தான் தவறுவார்கள். மாவட்டத்தில் தேர்வான பிள்ளையை வயதுக்காக மாநில அளவில் திருப்பி அனுப்பினால், அந்தப் பள்ளி அடுத்த வருடம் உங்கள் பக்கமே வராது.

இனி மதிப்பீடு. 60 ஆய்வுகள் வருகின்றன என்று வையுங்கள். பேச 8 நிமிடம், கேள்விக்கு 2, அணி மாற 3, ஆக ஓர் ஆய்வுக்கு 13 நிமிடம். நான்கு அறை என்றால் அறைக்கு 15 ஆய்வு, மூன்றேகால் மணி நேரம். ஐந்து அறை என்றால் 12 ஆய்வு, 156 நிமிடம். தொடக்க விழா 11 மணிக்கு முடிந்தாலும் ஐந்து அறையில் ஒன்றே முக்காலுக்குள் முடிந்துவிடும். நான்கு அறை என்றால் கடைசி மூன்று அணிகள் பசித்த நடுவர்களிடம் மாட்டும். சிறப்பு விருந்தினரை மாலைப் பரிசளிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மைக் பிடித்தவரை இறக்கும் வித்தை எந்த ஒருங்கிணைப்பாளருக்கும் கைவந்ததில்லை.

அறைக்கு மூன்று நடுவர். யாரும் தம் பள்ளி ஆய்வு வரும் அறையில் இருக்கக் கூடாது. காலையில் எல்லா நடுவர்களையும் ஒன்றாக உட்காரவைத்து, பழைய அறிக்கை ஒன்றுக்குத் தனித்தனியாக மதிப்பெண் போடச் சொல்லுங்கள். ஒருவர் 85 போடுவார், இன்னொருவர் 60. ஏன் என்று கால் மணி நேரம் பேசினாலே இடைவெளி குறையும். முழுக்க மறையாது. ஆகவே எல்லா அறை மதிப்பெண்களையும் ஒரே பட்டியலில் அடுக்கி மேலிருந்து எடுக்காதீர்கள். எடுத்தால் கறாரான நடுவர் இருந்த அறையிலிருந்து ஒருவரும் தேறமாட்டார்கள். ஒவ்வோர் அறையிலும் முதல் இரண்டை எடுத்து, இளநிலைக்கு (வயதில் சிறியவர்கள்) ஒரு நடுவர் குழு, முதுநிலைக்கு (பெரியவர்கள்) ஒரு நடுவர் குழு என்று மறுபடி கேட்க வையுங்கள்.

அறிக்கையைத் தொடுமுன் லாக் புக்கை, அதாவது பிள்ளைகள் ஆய்வின்போது அவ்வப்போது குறித்துவைத்த நோட்டை, புரட்டச் சொல்லுங்கள். மூன்று மாதக் குறிப்பும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஓர் அடித்தல்கூட இல்லை என்றால் அது முந்தின நாள் இரவு எழுதியது. உண்மையான நோட்டில் கிணற்று நீர்மட்டம் அடித்துத் திருத்தியிருக்கும், ஓரத்தில் 'கயிறு பத்தல, பாவாடை நாடா முடிஞ்சு அளந்தோம்' என்று இருக்கும். அந்த வரிக்கு மதிப்பெண் உண்டு என்று நடுவர்களிடம் சொல்லிவையுங்கள்.

பழைய ஒருங்கிணைப்பாளரை நடுவராகப் போட வேண்டாம். அவர் சொன்னால் மற்ற இருவரும் தலையாட்டிவிடுவார்கள். பயிற்சி நாளுக்குக் கூப்பிடுங்கள், அங்கே அவரைவிட நல்ல ஆள் கிடைக்காது.

தேதி விஷயம் ஒன்று. அக்டோபர், நவம்பரில் வைத்தால் மழை விடுமுறை வரும். முதன்மைக் கல்வி அலுவலரின் செயல்முறைகளிலேயே (அவர் பிறப்பிக்கும் ஆணை) மாற்றுத் தேதியையும் எழுதி வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆசிரியர்களுக்கு ஆன் டியூட்டி (அன்று பணியில் இருந்ததாகக் கணக்கு) கிடைக்க மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும்.