சரக்கு ரயிலுக்காகப் பயணிகள் வண்டியை ஏன் நிறுத்துகிறார்கள்?

வாசகர் கேள்வி: நான் போகும் பயணிகள் ரயிலை வழியில் லூப் லைனில் (பக்கப் பாதையில்) ஒதுக்கி நிறுத்திவிட்டு, எதிரே வரும் சரக்கு ரயிலை முதலில் விடுகிறார்கள். பயணிகளுக்குத்தானே முன்னுரிமை? இணைப்பு வண்டிக்கு எவ்வளவு நேரம் விட்டு டிக்கெட் எடுப்பது?

முன்னுரிமை பொதுவாகப் பயணிகள் வண்டிக்குத்தான். அமெரிக்காவில் ஆம்டிராக் என்ற பயணிகள் ரயில் நிறுவனத்தின் வண்டிகளுக்கு 1973 முதல் அது சட்டமாகவே இருக்கிறது. ஆனாலும் அங்கேயும் அவை காத்துக் கிடக்கின்றன.

காரணம் நீளம். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகள் லூப் உள்ள இடத்தில்தான் கடந்துகொள்ள முடியும். சரக்கு ரயில் லூப்பைவிட நீளமாக இருந்தால் அதன் வால் மெயின் லைனிலேயே நிற்கும். அப்போது குட்டையான உங்கள் வண்டிதான் ஒதுங்கியாக வேண்டும். இதில் எந்த வண்டியை முதலில் விடுவதென்று முடிவுசெய்யும் கன்ட்ரோலரைக் குறை சொல்ல மாட்டேன். லூப்பில் அடங்காத வண்டியை ஓட்டலாம் என்று முடிவெடுத்தவர்கள், பயணிகளின் நேரத்தை அப்போதே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

எடையும் ஒரு காரணம். பாரம் ஏற்றிய வண்டியை ஏற்றத்தில் நிறுத்தினால் மறுபடி வேகம் பிடிக்க நெடுநேரமாகும். அதுவரை பின்னால் வரும் பயணிகள் வண்டிகளும் சேர்ந்தே தாமதமாகும்.

சரி, இரட்டைப் பாதையில் ஏன் தாமதம்? அங்கே வேக வித்தியாசம்தான் சிக்கல். முந்த இடமில்லாத 60 கி.மீ. தூரத்தை எடுத்துக்கொள்வோம். சரக்கு ரயில் மணிக்கு 60 கி.மீ., எக்ஸ்பிரஸ் 120 கி.மீ. இரண்டுக்கும் இடையே எப்போதும் 10 நிமிடம் வேண்டும். 8 மணிக்குக் கிளம்பிய சரக்கு ரயில் 9-க்குப் போய்ச் சேரும். எக்ஸ்பிரஸ் 9.10-க்கு முன் சேரக் கூடாது என்றால் 8.40-க்குத்தான் கிளம்ப முடியும். எல்லாம் ஒரே வேகத்தில் ஓடினால் நடுவில் இன்னும் மூன்று வண்டிகள் போயிருக்கும். அதனால்தான் வேகமான வண்டிகளை வரிசையாக அனுப்பிவிட்டு, அப்புறம் சரக்கு ரயில்களைத் தொடர்ந்து விடுகிறார்கள். உங்கள் வண்டி அந்த வரிசையைத் தவறவிட்டால், முன்னால் போகும் சரக்கு ரயிலின் வேகத்திலேயே ஊர வேண்டியதுதான். பத்து நிமிடத் தாமதம் நாற்பதாக வளர்வது இப்படித்தான்.

இனி உங்கள் டிக்கெட். பல அட்டவணைகளில் கடைசி நிலையத்துக்குச் சற்று முன்னால் கூடுதல் நிமிடங்களைச் சேர்த்திருப்பார்கள். அதைக் கண்டுபிடிப்பது சுலபம். கடைசி இரண்டு நிலையங்களுக்கு இடையே உங்கள் வண்டிக்கு 40 நிமிடம், அதே வகை வண்டி எதிர்த்திசையில் கிளம்பிப் போக 20 நிமிடம் என்றிருந்தால், மிச்சம் 20 நிமிடமும் பெரும்பாலும் தாமதத்தை ஈடுகட்டத்தான். கடைசி நிலையத்தில் வண்டி மாறுவதென்றால் அந்த நிமிடங்கள் உங்களுக்கு உதவும். நடுவழியில் இறங்குபவருக்கு அது கிடையாது. அப்படியானால், வண்டி வழக்கமாக எவ்வளவு தாமதமாக அங்கே வருகிறதென்று சில நாள் பார்த்துவிட்டு, அதற்கு மேல் எதிர்வண்டிக்காக ஒருமுறை ஒதுங்கி நிற்கும் நேரத்தையும் கூட்டி டிக்கெட் எடுங்கள்.