மூதூர் கொச்சிக்காய் வைரஸ்: இரண்டு மரபணு, இரண்டு மரம்

மூதூர் கொச்சிக்காய்ச் செடியில் எடுத்த வைரஸுக்கு, உறைப்புரத மரபணுவில் உறவுமரம் போட்டால் ஒரு கிளை, ரெப் மரபணுவில் (வைரஸ் தன்னைப் படியெடுக்க உதவுவது) போட்டால் வேறு கிளை, ஏன் என்று கேட்கிறீர்கள். இலைச்சுருள் தரும், வளைய டிஎன்ஏ கொண்ட பெகோமோவைரஸ்களில் இது புதினமில்லை. அனேகமாக மரபணு மறுசேர்க்கைதான், அதாவது இரண்டு வைரஸின் துண்டுகள் கலந்து ஒன்றானது. ஆனால் அப்படி எழுத முன்னம், இரண்டு துண்டும் ஒரே வைரஸில் இருந்துதான் வந்ததா என்று பாருங்கள். ஒரே செடியில் இரண்டு வைரஸ் இருந்தால், பிசிஆரில் தனித்தனியாகப் பெருக்கிய துண்டுகளை ஒட்டும்போது இல்லாத வைரஸ் ஒன்றை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

ஆகவே வைரஸின் முழு டிஎன்ஏ வளையத்தையும் எடுங்கள். வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் படியெடுக்கும் ஃபை29 நொதியோடு 30 பாகையில் 18 மணி நேரம், பிறகு நொதியை நிறுத்த 65 பாகையில் 10 நிமிடம். வளையத்தை ஒரே இடத்தில் வெட்டும் நொதியால் வெட்டினால் ஜெல்லில் 2.7 கிலோபேஸ் (2,700 டிஎன்ஏ எழுத்து நீள) பட்டை தெரியவேண்டும். அதைக் குளோன் செய்யுங்கள். 1.35 கிலோபேஸ் அளவில் பட்டை வந்தால் பீட்டாசாட்டிலைட்டாக (வைரஸோடு ஒட்டி வரும் சிறு டிஎன்ஏ வளையம்) இருக்கலாம், அல்லது நொதி வளையத்தை இரண்டு இடத்தில் வெட்டியிருக்கலாம். வேறு நொதியால் வெட்டிப் பார்த்தால் விளங்கும்.

டிஎன்ஏ எழுத்து வரிசைகளை ஒப்பிட அடுக்க முன் எல்லாவற்றையும் டிஏஏடிஏடிடி-ஏசி (TAATATT-AC) என்ற வெட்டிடத்தில், 'ஏசி' முதலில் வரும்படி திருப்பி வையுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். தொடக்கம் மாறினால் அடுக்கு முழுக்கக் குழம்பும்.

பிறகு மறுசேர்க்கையைத் தேடும் ஆர்டிபி மென்பொருளில் ஓட்டுங்கள். அதிலுள்ள தேடும் முறைகளில் ஒன்று மட்டும் காட்டும் மறுசேர்க்கையை நம்பவேண்டாம், குறைந்தது மூன்று முறைகளாவது ஒத்துப்போகட்டும். இனப்பெயருக்கு மரத்தைப் பார்க்காதீர்கள்: முழு டிஎன்ஏ-ஏயில் (வைரஸின் முக்கிய வளையம்) தெரிந்த இனங்களோடு ஒப்புமை 91 வீதத்துக்குக் கீழே என்றால்தான் புது இனம்.

இலையைப் பொலித்தீன் பையில் அடைத்து பஸ்ஸில் அனுப்பவேண்டாம், திருகோணமலை வெயிலுக்கு அவிந்துவிடும். சிலிக்கா ஜெல்லில் காயவைத்து அனுப்புங்கள்.