ஸ்டீயரிங் ஆடுது, ராக்கை மாத்தணுமா?

கேள்வி: 2011 மாடல் ஆல்டோ, பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டி. 1 லட்சத்து 10 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. குண்டு குழியில் மெதுவாக இறங்கி ஏறும்போது முன்பக்கம் 'டக் டக்' என்கிறது. ஸ்டீயரிங்கிலும் கொஞ்சம் ஆட்டம். "ராக் போயிடுச்சு சார், அசெம்பிளியாவே மாத்திடலாம்" என்கிறார் மெக்கானிக். 15 வருடக் கணக்கில் ஆர்.சி. புதுப்பிக்க வண்டியை வேறு காட்ட வேண்டும். மாற்றிவிடலாமா? – வாசகர், விழுப்புரம்

பதில்: அவசரப்படாதீர்கள். எந்த மூட்டு தேய்ந்திருக்கிறது என்று முதலில் காட்டச் சொல்லுங்கள். ராக் என்பது ஸ்டீயரிங் சுற்றுவதை இடவல அசைவாக்கி முன்சக்கரங்களைத் திருப்பும் பல் வைத்த தண்டு. அந்த அசெம்பிளிக்குப் பல ஆயிரம் ஆகும். ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டான டை ராடு எண்ட் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். இந்த வயது வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இரண்டாவதைத்தான்.

ராக்கின் இரண்டு முனையிலும் ராக் எண்ட் என்ற உள்மூட்டு, அதன் நுனியில் டை ராடு எண்ட், அது போய்ப் பிடிப்பது சக்கரத்தைத் தாங்கும் நக்கிளை. கீழே சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்ம், அதன் பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு), புஷ் (ரப்பர் வளையம்). இவற்றில் எது தேய்ந்தாலும் சத்தம் ஒரே மாதிரிதான் கேட்கும். வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் புஷ் நைந்தாலும் இதே 'டக் டக்'தான்.

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, கடிகாரத்தில் 9-ம் 3-ம் இருக்கும் இடத்தில் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ஆடினால் டை ராடு எண்ட் அல்லது ராக் எண்ட். 12-லும் 6-லும் பிடிக்கும்போது ஆடினால் லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். ஒருவர் ஆட்டும்போது நீங்கள் மூட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள். தேய்ந்த இடத்தில் 'டொக்' என்று விரலிலேயே தட்டும். கேபினுக்குள் உங்கள் காலருகே ஸ்டீயரிங் தண்டின் கீழ்முனையில் இருக்கும் கிராஸ் ஜாயிண்டையும் விட்டுவிடாதீர்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமலே ராக்கைக் கழற்றக் கிளம்புகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ராக் நிஜமாகவே தேய்வதும் உண்டு. நேராக ஓட்டும் நேரம்தான் அதிகம் என்பதால் நடுப் பற்கள் முதலில் தேயும். அப்போது சிலர் ராக்கில் இருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவை இறுக்கி அனுப்பிவிடுவார்கள். நடுவில் ஆட்டம் போய்விடும். ஆனால் தேயாத ஓரப் பற்களுக்கு வரும்போது ஸ்டீயரிங் பிடித்துக்கொள்ளும், வளைவு முடிந்தபின் தானாக நேருக்குத் திரும்பாது. கொஞ்சம் ஆடுகிற ஸ்டீயரிங்கைவிட இது ஆபத்து. லேசாகச் சரிசெய்தும் ஆட்டம் தீரவில்லை என்றால், அப்போது ராக்கை மாற்றுங்கள்.

ஆர்.டி.ஓ. விஷயம்: மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-வது விதி, ஸ்டீயரிங் வீலில் வெற்றாட்டம் (சக்கரம் திரும்பாமல் ஸ்டீயரிங் மட்டும் ஆடும் அளவு) 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. இது ரொம்பத் தாராளம். உங்கள் ஸ்டீயரிங் வீலின் விளிம்பில் அளந்தால் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் வரும். சுசுகியின் சர்வீஸ் புத்தகங்கள் சொல்வது 30 மில்லிமீட்டர்தான்! சோதனையில் தேறிவிட்டது என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அதே விதி, மூட்டுகளுக்கு ரப்பர் உறை இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழன்றுவிடாமல் பூட்டியிருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. இந்த ரப்பர் உறையைத்தான் பட்டறையில் 'பூட்' என்பார்கள்; அது கிழிந்த நிலையில் போனால் திருப்பி அனுப்பலாம். பூட் கிழிந்தால் மண்ணும் தண்ணீரும் உள்ளே போய் ராக் எண்ட் துருப்பிடிக்கும் என்பதால், எப்படியும் அதை உடனே மாற்ற வேண்டியதுதான்.

எதை மாற்றினாலும் நட்டு கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின்னைப் புதிதாகப் போட்டார்களா என்று பாருங்கள். பழையதை நிமிர்த்தி மறுபடி வளைத்து மாட்டுவது வழக்கமாகிவிட்டது. பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம். விட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் டயரின் ஓரம் சாப்பிடப்பட்டிருக்கும்.

உங்கள் வண்டியில் இருப்பது எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங், ஆயில் கிடையாது. "ஆயில் மாத்தினோம்" என்று பில்லில் வந்தால் சிரித்துவிட்டுக் கேள்வி கேளுங்கள். திடீரென ஸ்டீயரிங் கனத்தால் மோட்டாரைக் குறை சொல்லுமுன் பேட்டரியையும் அதன் டெர்மினலையும் பாருங்கள்.

கேள்வி: 2008 சான்ட்ரோ. ஸ்டீயரிங் ஆயில் மாதம் ஒரு முறை குறைகிறது. கைவசம் இருந்த பிரேக் ஆயிலை ஊற்றலாமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: கூடவே கூடாது. பிரேக் ஆயில் அந்த ரப்பர் சீல்களைக் கெடுத்துவிடும். கசிவு இன்னும் பெரிதாகும். ஓனர் மேனுவலில் போட்டிருக்கும் ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். ஹோஸ் இணைப்பு, பம்ப், ராக் பூட் மூன்றையும் துடைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டியபின் பாருங்கள். ராக்கின் அந்த ரப்பர் உறையை அமுக்கும்போது உள்ளே ஆயில் இருப்பது தெரிந்தால் ராக் சீல் போயிருக்கிறது. ஹோஸ் மட்டும் என்றால் செலவு குறைவு.

கேள்வி: சென்னை புதுப்பேட்டையில் பழைய ராக் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? – வாசகர், தாம்பரம்

பதில்: கதவு, கண்ணாடி, பம்பர் என்றால் தாராளமாக. ராக் வேண்டாம். விபத்தில் நசுங்கிய வண்டியிலிருந்து வந்ததா என்று வெளிப்பார்வையில் தெரியாது. டை ராடு எண்டையும் புதிதாகவே வாங்குங்கள். சென்னையின் ராணே போன்ற தயாரிப்பாளர்கள் இவற்றை வெளிச்சந்தையிலும் விற்கிறார்கள். பெட்டியில் எம்.ஆர்.பி., பார்ட் நம்பர் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். தேய்ந்த பால் ஜாயிண்டைப் புதுப்பித்துத் தருகிறோம் என்கிற இடங்களையும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன் லோயர் ஆர்மும் டை ராடு எண்டும் மாற்றினேன். மறுபடி அதே சத்தம். கேட்டால் "வேற பார்ட் போயிருக்கு" என்கிறார்கள். பில்லும் தரவில்லை. – வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலில் வேறொரு பட்டறையில் வண்டியைத் தூக்கிக் காட்டி, எந்த மூட்டு ஆடுகிறது என்று எழுதி வாங்குங்கள். மாற்றியதாகச் சொன்ன அதே மூட்டு என்றால் உங்கள் பக்கம் பலம். பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. பணம் யூபிஐ-யில் கொடுத்திருந்தால் அந்தப் பதிவும், வாட்ஸ்அப் பேச்சும் ஆதாரம். பட்டறைக்கு எழுத்தில் ஒரு புகார் கொடுங்கள். அசையாவிட்டால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழையுங்கள். அதற்குப் பிறகுதான் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அடுத்த தடவை எதை மாற்றினாலும், கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள்.