தசைநாண் ஆய்வுக்கு மருத்துவப் படிப்பு மட்டும்தான் வழியா?

தோள்பட்டை அறுவை சிகிச்சைக்குப் பின் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் திசு) ஆறுவதை மேம்படுத்தும் ஆய்வில் ஈடுபட விரும்பும் உங்கள் மகள், மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காவிட்டால் அந்த விருப்பத்தையே கைவிட வேண்டியிருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். வேண்டியதில்லை. அறுவை சிகிச்சை மருத்துவர் கையில்தான் இருக்கும்; ஆனால் இத்துறையில் இன்னும் தீராத சிக்கல், கிழிந்த நாணை எலும்போடு தைத்த பிறகு அந்த இடத்தில் திசு எப்படி வளர்கிறது என்பதில்தான் இருக்கிறது.

தோள்மூட்டைச் சூழ்ந்துள்ள, ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகளின் நாண்கள் மேற்கை எலும்பின் தலையோடு சேரும் இடத்தில், மென்மையான நாண் நார்க் குருத்தெலும்பாகி, பிறகு சுண்ணாம்பேறி, படிப்படியாக எலும்பாக மாறுகிறது. கிழிந்து தைத்தபின் இந்த அடுக்கமைப்பு மீண்டும் உருவாவதில்லை. வலுக்குறைந்த தழும்புத் திசுவே அங்கு நிரம்புகிறது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், மிகப் பெரிய கிழிசல்களை ஆர்த்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே மூட்டுக்குள் கருவி செலுத்தும் முறை) மூலம் தைத்துக்கொண்ட 18 பேரில் 17 பேருக்கு நாண் மீண்டும் விட்டுப்போயிருந்தது. ஆயினும் அவர்களில் பெரும்பாலோருக்கு வலி குறைந்திருந்தது என்பது இத்துறையின் விசித்திரம்.

இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் தட்டணுச் செறிவுமிக்க பிளாஸ்மா, வளர்ச்சிக் காரணிகள், ஸ்டெம் செல்கள், கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தாலான ஒட்டுகள், எலும்பில் சிறு துளையிட்டு மஜ்ஜைச் செல்களை வெளிக்கொணர்தல் எனப் பல வழிகள் சோதிக்கப்படுகின்றன. பிளாஸ்மா முறையில் மட்டும் பார்த்தாலும், தயாரிப்புக்குத் தயாரிப்பு தட்டணு, வெள்ளையணு அளவுகள் வேறுபடுவதால் சோதனை முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவருவதில்லை. எந்த வழி பலன் தரும் என்பது இன்னும் தெளிவாகாததால், ‘ஸ்டெம் செல்’ என்ற பெயரைத் தாங்கியிருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு படிப்பில் சேர்த்துவிடாதீர்கள்.

உயிர்மருத்துவப் பொறியியலையே நான் முதலில் பரிந்துரைப்பேன். உயிரித் தொழில்நுட்பமும் பொருந்தும், இயக்கவியலையும் புள்ளியியலையும் கூடவே கற்றுக்கொண்டால். ஆய்வகத்தில் எலியின் மேற்கை எலும்பைப் பிசினில் பதித்து, நாணைக் கவ்வியில் பிடித்து அறும்வரை இழுப்பதும், சாயமேற்றிய திசுவில் கொலாஜன் இழைகள் ஒரே திசையில் அடுக்கியுள்ளனவா என்று நுண்ணோக்கியில் பார்ப்பதும் அன்றாட வேலைகள். விலங்குகள் மீதான சோதனையை அவளால் ஏற்றுக்கொள்ள முடியுமா என்று இப்போதே மனம்விட்டுப் பேசுங்கள். பலர் இதைத் தாமதமாகவே உணர்கிறார்கள். முனைவர் பட்டம் வரை படிக்க வேண்டியிருப்பதால், வருமானம் தாமதமாகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, செல் வளர்ப்பு ஆய்வகமும் இழுவலிமைச் சோதனைக் கருவியும் அங்கு உள்ளனவா, எலும்பு அறுவை மருத்துவர்களோடு சேர்ந்து மாணவர்கள் ஆய்வு செய்கிறார்களா என்று துறைத் தலைவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.