துக்க வீட்டில் ஸ்டார் போடலாமா?

அம்மா,

எனக்கு 61 வயது. மார்த்தாண்டம் பக்கம் ஊர். ஆகஸ்டில் கணவர் தவறிவிட்டார். டிசம்பர் பிறந்தால் அவரே மூங்கில் சீவி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே குண்டு பல்பு வைத்து மாமரத்தில் கிறிஸ்துமஸ் ஸ்டார் ஏற்றுவார். கடை ஸ்டாரை வாசலுக்குள் விடமாட்டார். முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் என் பொறுப்பு. அக்கம்பக்கத்தில் இருபது வீட்டுக்குப் போகும்.

இந்த வருஷம் எதுவும் கூடாது, துக்க வீடு என்கிறார் மைனி (அண்ணி). மகன் குவைத்தில் இருக்கிறான், லீவு இல்லை. மகள் சென்னையில் நர்ஸ், டூட்டி முடிந்து 28ஆம் தேதிதான் வருவாள். அவள் மகனுக்கு எட்டு வயது. "பாட்டி, ஸ்டார் போட்டாச்சா?" என்று போனில் கேட்டான். பதில் சொல்ல வாய் வரவில்லை. போட்டால் அவரை மறந்த மாதிரி இருக்கிறது. போடாவிட்டால் வீடே இருண்ட மாதிரி இருக்கிறது.

ஆலோசகர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மைனி சொல்வதை நான் ஒரேயடியாகத் தள்ளமாட்டேன். துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்காமல் அக்கம்பக்கத்தார் பலகாரம் கொடுத்துவிடுவது நல்ல வழக்கம். அழுதுகொண்டிருப்பவள் அடுப்படியில் நிற்க வேண்டாம் என்ற கரிசனமாகத்தான் எனக்கு அது படுகிறது. அதனால் இருபது வீட்டுப் பலகாரத்தை இந்த முறை விட்டுவிடுங்கள். இத்தனை வருஷம் உங்கள் டப்பா போன வீடுகளிலிருந்து இப்போது வரட்டும், கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டார் விஷயம் வேறு. இழப்பைத் தாங்குகிறவர்களைப் பற்றி ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரு உளவியலாளர்கள் 1999-ல் எழுதினார்கள். மனசு கொஞ்ச நேரம் துக்கத்தில் இருக்கும், அப்புறம் அன்றாட வாழ்க்கைக்குத் திரும்பும், மறுபடி துக்கத்துக்குப் போகும். இப்படிப் போய்வருவதுதான் இயல்பு என்றார்கள். காலையில் அழுதுவிட்டு மாலையில் பல்பைப் போட்டால் அவரை மறந்ததாக ஆகாது. அந்த ஸ்டார் அவர் கைவேலை. அது தொங்கினால் ஊரே அவரைத்தானே நினைக்கும்?

தேதியைப் பற்றியும் கவலைப்படாதீர்கள். இயேசு பிறந்த நாளை வேதம் குறிப்பிடவில்லை என்பது உங்களுக்குத் தெரியாததா? குவைத்தில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. பண்டிகையை நாள் மாற்றி வைத்துக்கொள்வது உங்கள் மகனுக்குப் பழகியிருக்கும். 25 அன்று அதிகாலை ஆராதனைக்கு மட்டும் போய்வாருங்கள், தனியாக வேண்டாம், மைனியையே கூட்டிப்போங்கள். வீட்டுக் கிறிஸ்துமஸ் 28-ல் இருக்கட்டும், மகனை வீடியோவில் கூப்பிடுங்கள். சாப்பிடும்போது அவர் பேச்சு வந்தால் யாரும் பேச்சை மாற்ற வேண்டாம்.

இதெல்லாம் இந்த ஒரு வருஷத்துக்கு. அடுத்த வருஷத்தை அப்போது பார்க்கலாம். தூக்கமும் சாப்பாடும் இன்னும் சரியாகவில்லை என்றால் மட்டும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

பேரனுக்கு இன்றே போன் போடுங்கள். "இன்னும் போடல, நீ வந்துதான் போடணும்" என்று சொல்லுங்கள். மூங்கிலை யாராவது பெரியவர் சீவிக்கொடுக்கட்டும், தாள் ஒட்டுவது அவன் வேலை. மைதாப் பசையைக் கட்டி தட்டாமல் காய்ச்ச நீங்கள்தான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும்.