லயத்தை விட்டு வாடகை வீட்டுக்கு

கேள்வி: தேவிகுளம் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை. நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு (தோட்டம் தந்த வரிசை வீடு) பின்னால் மண் விரிசல் விட்டிருக்கிறது. முதலில் பள்ளிக்கூடத்தில் நிவாரண கேம்ப், பிறகு வாடகை வீடு என்று வில்லேஜ் ஆபீசர் சொல்கிறார். இன்சுலின் போடும் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். என்னென்ன எதிர்பார்க்கலாம்? லயத்து உரிமை போய்விடுமா?
- ஒரு வாசகி, இடுக்கி மாவட்டம்

பதில்: சகோதரி, இன்றே மாறிவிடுங்கள். கோழிக்குத் தீனி போடவோ துணி எடுக்கவோ போவதென்றால் மழை விட்ட பகலில் மட்டும் போங்கள். ராத்திரி ஒருவர்கூட அங்கே தங்கக் கூடாது.

கேம்ப்பில் கஷ்டம் கழிப்பறையும் சாப்பாட்டு நேரமும்தான். விடிவதற்கு முன்பே எழுந்தால் வரிசை குறைவு. மாமியார் விஷயத்தில் கவனம் தேவை. சாப்பாடு வண்டி தாமதமாக வரும். வழக்கமான நேரம் ஆயிற்றே என்று ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். தட்டு கைக்கு வந்த பிறகே போடுங்கள். திறந்த இன்சுலின் குப்பி மலைக் குளிரில் ஃப்ரிட்ஜ் இல்லாமல் சாதாரணமாக நான்கு வாரம் தாங்கும். திறக்காததை ஆரம்ப சுகாதார நிலையத்து ஃப்ரிட்ஜில் வைக்கக் கேளுங்கள்.

பள்ளி திறக்கும் நாள் நெருங்கினால் கேம்ப்பைக் காலி செய்யச் சொல்வார்கள். அந்த அவசரத்தில்தான் பலர் கிடைத்த வீட்டில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் முதல் வாரமே வீடு தேடுங்கள். காலை வேலைக்கு வண்டி கிடைக்கிறதா, தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்று கேளுங்கள். உள்ளே போகும் அன்றே கரண்ட் மீட்டர் ரீடிங்கையும் சுவரில் உள்ள ஈரம், விரிசலையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். பழைய பாக்கி உங்கள் தலையில் விழாது. அட்வான்ஸுக்கு ரசீது வாங்குங்கள்.

வாடகை யார் தருவது என்பதை எழுத்தில் வாங்குவது முக்கியம். வயநாட்டில் 2024 ஜூலை நிலச்சரிவுக்குப் பிறகு அரசு மாதம் ரூ.6,000 வாடகை அறிவித்தது. அது அந்தப் பேரிடருக்கென்று போட்ட தனி உத்தரவு, உங்களுக்குத் தானாக வராது. தாசில்தாருக்கு மனு கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம். 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழருக்கு அந்த உரிமையைத் தருகிறது. மனு கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். உதவித்தொகை வந்தாலும் பிந்தியே வரும். எந்தத் தேதிக்குள் வாடகை என்று வீட்டுக்காரரிடம் முன்பே பேசிவையுங்கள்.

இனி லயம். பாதுகாப்புக்காக மாறுவதால் உரிமை போகாது. தொழிலாளருக்கு வீடு தருவது 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலே நிர்வாகத்தின் கடமை. ஆனாலும் வாய்ப்பேச்சை நம்பிச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். "விரிசல் காரணமாகத் தற்காலிகமாக மாற்றப்பட்டார், இந்த எண் லயம் அல்லது அதற்கு ஈடான வீடு தரப்படும்" என்று மேனேஜர் கையெழுத்தும் தேதியும் போட்ட கடிதம் வாங்குங்கள். தர மறுத்தால் யூனியன்காரர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் கடிதத்தை ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக்கோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையோடு வைத்திருங்கள்.